உப்புக்குக் கணக்கு இருந்தது

திருச்செந்தூரிலிருந்து தெற்கே கடற்கரைச் சாலையில் செல்பவர் குலசேகரன்பட்டினத்தை அடையுமுன் கல்லாமொழியைக் கடக்கிறார். தசராவுக்கு வேடம் கட்டி முத்தாரம்மன் கோயிலுக்கு நடந்து வருபவர்களும் இவ்வழியே வருவதுண்டு. பனையும் உடைமரமும் செம்மணல் தேரியுமாகவே பழகிய நம் கண்ணுக்கு, அங்கே எழுந்துள்ள உடன்குடி அனல்மின் நிலையம் வேறோர் உலகத்தின் பொருள்போல் தோன்றுகிறது. ஒவ்வொன்றும் 660 மெகாவாட் திறனுள்ள இரண்டு அலகுகள். கட்டுமானப் பணி 2017 இறுதியில் பாரத மிகுமின் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. நிலக்கரி கப்பலில் வந்து இறங்குவதற்கென்றே கடலுக்குள் ஒரு பாலமும் திட்டத்தில் சேர்ந்தது. பாண்டியர் காலத்துத் துறைமுகம் என்று நாம் பெருமை பேசும் கரையில், முத்தும் குதிரையும் போய், கருப்பட்டியும் உப்பும் போய், இப்போது கரி.

கரி வரும் வழியைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். கரியிலிருந்து பிரிந்து மிஞ்சுவது எங்கே போகிறது என்பதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. சுரங்க வாயில் கழித்துப் போடும் பாறையும் மண்ணும், கரியைக் கழுவிய சேறும், உலையில் எரிந்து முடிந்த சாம்பலும் ஓரிடத்தில் குவிந்தோ தேங்கியோ கிடக்கத்தான் வேண்டும். அந்த மேடுகளையும் குளங்களையும் யார் பார்த்தார்கள், பார்த்ததை எங்கே எழுதினார்கள், எழுதியதை யாருக்குச் சொன்னார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள். உலர்ந்த விஷயம் என்று வாசகர் ஒதுக்கிவிட வேண்டாம். இந்த வரலாற்றில் குழந்தைகளின் சாவு இருக்கிறது.

முதலில் குலசேகரன்பட்டினத்து உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 1942 செப்டம்பரில் இவ்வூர் உப்பளத்தில் லோன் என்ற வெள்ளை அதிகாரி கொல்லப்பட்டதும், அதையொட்டி நடந்த சதி வழக்கில் காசிராஜனுக்கும் ராஜகோபாலனுக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டதும், பின்னர் அது குறைக்கப்பட்டு அவர்கள் விடுதலை பெற்றதும் நெல்லைச் சீமையில் இன்றும் சொல்லப்படும் கதை. ஓர் உப்பளத்தில் எதற்குத் துணைக் கண்காணிப்பு அதிகாரி, எதற்குக் காவல்? உப்பு அரசின் வருமானம். சென்னை மாகாணத்தில் 1805 முதல் அது அரசின் தனியுரிமை. உப்பு வாரப்படும் நாள், அம்பாரத்தின் எடை, கிடங்கிலிருந்து வெளியேறும் மூட்டை என எல்லாம் ஏட்டில் ஏறியாக வேண்டும். ஒரு கைப்பிடி உப்பை அள்ளிச் செல்பவரும் குற்றவாளி. அரசு என்ற அமைப்பு எவ்வளவு நுணுக்கமாக எழுத வல்லது என்பதற்கு இந்தக் கடற்கரையே சாட்சி. ஆனால் அது எழுதியது வரவை. கழிவை அல்ல. வரவுக்குக் கணக்கும் கழிவுக்கு மறதியும் என்ற இந்தப் பழக்கம் வெள்ளையருக்கு மட்டும் உரியதன்று. சுரங்கத் தொழிலின் வரலாறு நெடுகிலும் அதுவே.

நம் முன்னோர் இதில் வேறு விதமாக நடந்துகொண்டார்கள் என்று மார்தட்ட நாம் வரவில்லை. ஆயினும் ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919 ஆம் ஆண்டையும் 921 ஆம் ஆண்டையும் சேர்ந்தவை, குடவோலை முறைக்காகப் பாடநூல்களில் புகழ்பெற்றவை. அவற்றில் ஏரி வாரியம் என்றொரு குழு வருகிறது. ஏரியையும் அதன் கரையையும் பேணுவது அதன் வேலை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடத்தில் ஓலை இடத் தகுதியற்றவர் என்று அக்கல்வெட்டு விதிக்கிறது. தண்ணீரைத் தேக்கி நிறுத்தும் கரை ஒன்று ஊரின் தலைக்குமேல் இருக்கும்போது, அதைப் பார்த்துக்கொண்டவர் ஊருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே இதன் உட்பொருள். நெல்லைக்கு அருகே மானூரில் அதற்கும் நூறாண்டு முந்தைய பாண்டியர் கல்வெட்டு, சபை உறுப்பினரின் தகுதிகளை வகுத்திருக்கிறது. தாமிரபரணிக் கரையில் குளங்களின் காவல், மடை திறப்பவரின் உரிமை, உடைப்பெடுத்தால் ஊர் திரண்டு மண் போடும் குடிமராமத்து ஆகியவையெல்லாம் இந்த மரபின் கிளைகள்தான்.

இனி வேல்ஸுக்குப் போவோம். அங்கே அபர்வான் என்றொரு சுரங்கச் சிற்றூர். மலைச்சரிவில், ஊருக்கு நேர்மேலே, மெர்தர் வேல் சுரங்கத்தின் கழிவு மேடுகள் ஏழு. ஏழாவது மேட்டில் 1958 இல் கொட்டத் தொடங்கினார்கள். கொட்டிய இடத்தின் அடியில் ஊற்று இருந்தது. அது எவருக்கும் தெரியாத இரகசியமன்று. பழைய நில அளவை வரைபடங்களில் அச்சாகியே இருந்தது. ஈரத்தின்மேல் கல்லும் மண்ணும் கரிச்சேறும் எட்டாண்டுகள் ஏறி 30 மீட்டருக்குமேல் உயர்ந்து நின்றன. 1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. அரைப்பருவ விடுமுறைக்கு முந்தைய கடைசிப் பள்ளி நாள். காலையில் மேட்டுக்குச் சென்ற தொழிலாளர்கள் உச்சி பல அடி உள்வாங்கியிருப்பதைக் கண்டார்கள். மேட்டில் தொலைபேசி இல்லை, கம்பி திருடுபோய்விட்டது. ஆகவே செய்தி சொல்ல ஓர் ஆள் மலையிறங்கி நடந்தார். ஒன்பதே காலுக்கு மேடு சரிந்தது. பான்ட்கிளாஸ் பள்ளியையும் அதையடுத்த வீடுகளையும் மூடியது. இறந்தவர் 144 பேர். அவர்களில் 116 பேர் குழந்தைகள்.

தொலைபேசி இருந்திருந்தாலும் அன்று காலை உயிர்கள் பிழைத்திரா என்று பின்னர் விசாரணை கூறியது. அது சரியென்றே நமக்கும் படுகிறது. செய்தி போய்ச் சேராதது அன்று காலையில் அல்ல. அதற்கு முந்தைய இருபத்தேழு ஆண்டுகளில். 1939 டிசம்பரில் அதே தெற்கு வேல்ஸில் சில்வினித் என்ற இடத்தில் ஒரு பெரிய கழிவு மேடு சரிந்தது. அதை ஆராய்ந்து, நீரூற்றின்மேல் கொட்டாதே, உயரத்துக்கு வரம்பு வை, வடிகால் வெட்டு என்ற வகையில் ஒரு குறிப்பு எழுதப்பட்டது. நல்ல குறிப்பு. பிறகு அது அலமாரிக்குப் போனது. 1944 இல் அபர்வானிலேயே நான்காவது மேடு சரிந்தது. 1947 இல் சுரங்கங்கள் தேசியமயமாகி, நிலக்கரி வாரியம் வந்தது. 1963 இல் ஏழாவது மேடே சிறிது வழிந்தது. அதே ஆண்டு நகராட்சிப் பொறியாளர் ஒருவர், பள்ளிக்குப் பின்புறம் கரிச்சேறு கொட்டப்படுவதால் நேரும் அபாயம் என்று பொருள் வரியிலேயே எழுதி வாரியத்துக்குக் கடிதம் அனுப்பினார். பதில்கள் வந்தன, கொட்டுவது நிற்கவில்லை. 1965 இல் வேறோர் இடத்தில் இன்னொரு மேடு சரிந்தபோது, யாரோ நினைவுகூர்ந்து அந்த 1939 ஆம் ஆண்டுக் குறிப்பை எடுத்து மறுபடி சுற்றுக்கு விட்டார்கள். மேடுகளையெல்லாம் ஆய்வு செய்யுமாறு ஆணையும் போயிற்று. அபர்வானுக்கு வந்த ஆய்வு பெயரளவில் முடிந்தது.

இந்த வரிசையைத் திரும்பத் திரும்பப் படிக்கையில் நம்மை உறுத்துவது எழுத்தின் பற்றாக்குறையன்று. எழுத்து இருந்தது. குறிப்பு இருந்தது, கடிதம் இருந்தது, வரைபடம் இருந்தது. ஒவ்வொரு டன் கரியையும் நிறுத்து எழுதிய வாரியத்திடம் மேடுகளைப் பற்றி ஒரு கொள்கை இல்லை. மேட்டுக்கென்று ஒரு பதிவேடு இல்லை. மேட்டுக்குப் பொறுப்பானவர் இன்னார் என்பதுகூடத் தெளிவில்லை. பொறிகளைப் பார்க்கும் பொறியாளர் அது கட்டடப் பொறியாளரின் வேலை என்றார். அவரோ அது இவருடைய வேலை என்றிருந்தார். சட்டமும் அப்படியே. சுரங்கத்துக்குள் இறங்குபவனின் உயிருக்குப் பிரிவு பிரிவாக விதி வகுத்த நாட்டில், வெளியே குவிந்த மேட்டின் உறுதியைப் பற்றிச் சொல்லத்தக்க விதி எதுவும் இல்லை. நீதிபதி எட்மண்ட் டேவிஸ் தலைமையில் 76 நாள் அமர்ந்த விசாரணை நடுவம் 1967 இல் வாரியத்தின் மீதே பழியை வைத்தது. எவர்மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. எஞ்சிய மேடுகளை அகற்றுவதற்கு, துயர் துடைக்க மக்கள் அனுப்பிய நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டு எடுக்கப்பட்டது என்பதை இங்கே குறிக்காமல் விட முடியவில்லை. அத்தொகை 1997 இல், வட்டியின்றித் திரும்பிற்று.

1969 இல் கழிவு மேடுகளுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. மேட்டுக்கு வரைபடம் வேண்டும், திறனறிந்தவர் குறித்த இடைவெளியில் பார்வையிட வேண்டும், பார்த்ததை அறிக்கையாகத் தர வேண்டும் என்பவை கடமையாயின. குழந்தைகளின் பெயரால் எழுதப்பட்ட பதிவேடு என்று அதைச் சொல்லலாம்.

அபர்வானுக்குப் பின் அமெரிக்கரும் தம் வீட்டைத் திரும்பிப் பார்த்தனர். அவர்களுடைய நிலவியல் ஆய்வுத்துறை மேற்கு வர்ஜினியாவின் கழிவுக் குவியல்களைச் சென்று கண்டது. பஃபலோ ஓடையின் தலைப்பில் இருந்த குவியலும் அதில் ஒன்று. கண்டதோடு சரி. அங்கே சுரங்க நிறுவனம், கரி கழுவிய கருநீரைத் தேக்குவதற்காக, கழிவையே கொட்டிக் கரையாக்கியிருந்தது. மூன்றாவது கரை, அதற்குமுன் தேங்கிப் படிந்த சேற்றின் மேலேயே எழுப்பப்பட்டது. நீர் நிரம்பினால் வழிந்தோட முறையான மறுகால் கிடையாது. நம் நாட்டுக் குளத்துக் கரையில் நிற்கும் எந்த உழவரும் முதலில் தேடுவது மறுகாலைத்தான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 1972 பிப்ரவரி இறுதியில் மழை. இரவு முழுதும் நிறுவனத்தார் ஒரு குச்சியை வைத்து நீர்மட்டம் ஏறுவதை அளந்துகொண்டிருந்தார்கள். கீழே இருந்த ஊர்களுக்கு முறையான எச்சரிக்கை போகவில்லை. 26 ஆம் தேதி காலை எட்டு மணியளவில் கரை போயிற்று. ஐம்பது கோடி லிட்டர் கருநீர். இறந்தோர் 125, வீடிழந்தோர் நாலாயிரத்துக்கு மேல். நான்கு நாட்களுக்கு முன் வந்த அரசு ஆய்வாளர் நிலைமை திருப்தி என்று குறித்துவிட்டுப் போயிருந்தார். நிறுவனம் இதைக் கடவுளின் செயல் என்றது.

இந்த வெள்ளத்திலிருந்து பிறந்தவையே அமெரிக்கச் சுரங்க விதிகளில் இன்றும் உள்ள பதிவேட்டு முறைகள். படிப்பதற்குச் சுவையற்றவை, ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னே ஒரு பிணம் கிடக்கிறது என்ற நினைவோடு படித்தால் வேறுவிதமாக இருக்கின்றன. இருபது அடிக்கு மேல் நீரோ சேறோ தேக்கும் எந்தக் கரையும் இவ்விதிக்குள் வரும். ஏழு நாளுக்கு ஒரு முறையேனும் தகுதி பெற்றவர் கரையைச் சுற்றிப் பார்க்க வேண்டும். கரைக்குள் நட்ட குழாய்களில் நீரழுத்தத்தையும் அதே ஏழு நாள் கணக்கில் அளக்க வேண்டும். கசிவோ விரிசலோ அபாயமாகத் தென்பட்டால் அதைச் சீர்செய்யத் தொடங்குவதோடு, உரியவருக்குச் செய்தி அனுப்பி, தேவைப்பட்டால் ஆபத்துக்கு உட்பட்டவரை அகற்ற ஆயத்தம் செய்து, எட்டு மணிக்கு ஒரு தடவையேனும் மறுபடி பார்க்க வேண்டும். எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ஆண்டு தோறும் கரையின் வடிவம் எவ்வாறு மாறியது, தேங்கிய நீரின் மிகக் குறைந்த ஆழம் எவ்வளவு, மிகக் கூடிய ஆழம் எவ்வளவு என்று பொறியாளர் சான்றோடு அறிக்கை தர வேண்டும். யாரோ ஒருவர் 1972 இன் குச்சியை நினைவில் வைத்துக்கொண்டே இதை எழுதியிருக்கிறார் என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

விதி வந்தால் விபத்து நின்றுவிடும் என்பதில்லை. 2000 அக்டோபரில் கென்டக்கியில் ஒரு கருஞ்சேற்றுத் தேக்கம் கரையை உடைக்கவில்லை. அடித்தளத்தை உடைத்துக்கொண்டு, கீழே கைவிடப்பட்டிருந்த பழைய சுரங்கத்துக்குள் இறங்கி, அதன் வாய்கள் வழியே ஓடைகளில் பாய்ந்தது. தேக்கத்துக்கும் சுரங்கத்துக்கும் இடையே இருந்த பாறை, காகிதத்தில் இருந்ததைவிட மிக மெலிந்திருந்தது. எழுதி வைத்தது உண்மையாகவும் இருக்க வேண்டும் என்ற எளிய செய்தி அது.

இந்தியாவில் சுரங்கப் பாதுகாப்புக்கான தலைமை அலுவலகம் தன்பாதில் இருக்கிறது. அதன் தொடக்கம் 1902. நிலக்கரிச் சுரங்க ஒழுங்குவிதிகள் 1957 இல் வந்து, 2017 இல் புதுப்பிக்கப்பட்டன. கழிவு மேட்டின் சரிவு 37.5 பாகைக்கு மிகக் கூடாது, 30 மீட்டருக்கு மேற்பட்டால் படிபடியாக அமைக்க வேண்டும் என்பன போன்ற அளவுகள் அவற்றில் உண்டு. அளவுகள் இருந்தும் 2016 டிசம்பர் 29 மாலை ஜார்க்கண்டில் ராஜ்மகால் திறந்தவெளிச் சுரங்கத்தில் பெருந்திரளான மண் சரிந்து, அடியில் வேலை செய்துகொண்டிருந்த 23 பேர் புதைந்தனர்.

தமிழ்நாட்டில் இதன் முகத்தைக் காண நெய்வேலிக்குப் போக வேண்டும். 1957 இல் தோண்டத் தொடங்கிய பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். ஒரு டன் கரி எடுக்க ஐந்தாறு கன மீட்டர் மேல்மண்ணை அகற்ற வேண்டியிருக்கிறது. சமவெளியான அந்நாட்டில் இன்று தெரியும் குன்றுகள் இயற்கை இட்டவையல்ல, மனிதன் கொட்டியவை. பலவற்றில் மரம் வளர்ந்து பசுமை கண்டுவிட்டது. புதிதாக வருபவர் மலையென்றே நம்புவார். மழையில் அம்மேடுகளிலிருந்தும் சுரங்கத்திலிருந்தும் வழியும் மண் பெருமாள் ஏரியைத் தூர்க்கிறது என்பது கடலூர் மாவட்ட உழவர்களின் நெடுங்கால முறையீடு. சோழர் வெட்டிய ஏரியின் வண்டலில் சுரங்கத்து மண் படிகிறது!

நெல்லைச் சீமையில் சுரங்கம் இல்லை. ஆனால் சாம்பல் உண்டு. தூத்துக்குடி அனல்மின் நிலையம் 1979 முதல் ஓடத் தொடங்கியது. ஐந்து அலகுகள், 1050 மெகாவாட். இந்தியக் கரியில் நூற்றுக்கு முப்பது, நாற்பது பங்கு சாம்பல். அதாவது ஒடிசாவிலிருந்து கப்பலேறி வருவதில் மூன்றிலொரு பங்கு எரியாத மண். அதை நீரோடு கரைத்துக் குழாயில் அனுப்பிக் கரை கட்டிய பரப்பில் தேக்குகிறார்கள். ‘சாம்பல் குளம்’ என்கிறோம். எவ்வளவு சாதுவான பெயர்! குளம் என்றதும் நமக்குத் தாமரையும் படித்துறையும் நினைவில் எழுகின்றன.

அந்தக் குளங்கள் என்ன செய்யக்கூடும் என்பதை மத்தியப் பிரதேசத்துச் சிங்ரௌலி காட்டியது. 2019 ஆகஸ்டில் ஒரு நிலையத்தின் சாம்பல் கரை உடைந்தது. அக்டோபரில் அண்டையிலிருந்த விந்தியாசல் நிலையத்தினது. 2020 ஏப்ரல் 10 அன்று சாசனில் மூன்றாவது. பொதுமுடக்கக் காலத்தில் நாடு வீட்டுக்குள் அடங்கியிருந்த வேளையில், அந்தச் சாம்பல் வெள்ளம் ஆறு பேரைக் கொண்டுபோயிற்று. அவர்களில் குழந்தைகளும் இருந்தனர். ஒரே வட்டாரத்தில் எட்டு மாதத்தில் மூன்று உடைப்புகள். முதலாவதைப் பற்றிய அறிக்கை இரண்டாவதைத் தடுக்கவில்லை. இரண்டாவது மூன்றாவதைத் தடுக்கவில்லை. 1939 ஆம் ஆண்டுக் குறிப்பு மறுபடியும் அலமாரியில்.

2021 டிசம்பர் 31 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட சாம்பல் அறிவிக்கையில், சாம்பல் குளத்தின் பாதுகாப்புக்கு ஆண்டுதோறும் சான்று பெறும் நடைமுறை சொல்லப்பட்டிருக்கிறது. குளத்தின் பரப்புக்கும் ஒரு மெகாவாட்டுக்கு 0.1 ஹெக்டேர் என்று வரம்பு. இவ்வரம்பை எடுத்துக்கொண்டு நாம் ஒரு பயிற்சிக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 1320 மெகாவாட்டுக்கு உச்ச அளவு 132 ஹெக்டேர் ஆகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்தது 95 சென்டிமீட்டர். காயல்பட்டினம் கல்லாமொழிக்கு வடக்கே இருபது கிலோமீட்டருக்குள். அந்த மழை 132 ஹெக்டேர் பரப்பின்மேல் விழுந்தால், வெளியிலிருந்து ஒரு சொட்டும் வந்து சேராமலே, பன்னிரண்டரை லட்சம் கன மீட்டர் நீர் ஆகிறது. நீர்மட்டம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஏறும். இது எந்த ஒரு குளத்தையும் பற்றிய கூற்றன்று, வெறும் பெருக்கல். ஆனால் நீர்மட்டத்துக்கும் கரையின் தலைக்கும் இடையே எவ்வளவு உயரம் விட்டிருக்கிறார்கள் என்ற கேள்விக்கு, இந்தக் கடற்கரையில் அதுவே அளவுகோல். அந்த நாளில் கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடிக்குள் நீர் புகுந்ததையும், ஸ்ரீவைகுண்டத்தில் இரயிலோடு நின்றுபோன பயணிகளையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

வேல்ஸ் மறந்தது. 2020 பிப்ரவரியில், புயல் மழையில், டைலர்ஸ்டவுனில் ஒரு கைவிடப்பட்ட கழிவு மேடு ஆற்றுக்குள் சரிந்தது. நல்லவேளையாக உயிர்ச்சேதமில்லை. அபர்வானுக்கு ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, நாட்டில் மொத்தம் எத்தனை மேடுகள் இருக்கின்றன என்று அரசு மறுபடி எண்ணத் தொடங்கியது. இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் வந்தது. சுரங்கம் மூடியதும் பதிவேட்டையும் மூடிவிட்டார்கள். மேடு மட்டும் மூடவில்லை. குலசேகரன்பட்டினத்துக்கும் திசையன்விளைக்கும் இடையே பாரி நிறுவனத்தின் சிறிய இரயில் ஓடி, 1940 இல் நின்றுபோனது. அதன் தடம் இன்று முட்செடிக்குள் மறைந்துவிட்டது; அதனால் யாருக்கும் தீங்கில்லை. எல்லாக் கைவிடப்பட்டவையும் அவ்வளவு சாதுவானவை அல்ல.

2008 டிசம்பரில் டென்னசியின் கிங்ஸ்டனில் ஒரு சாம்பல் குளம் நள்ளிரவுக்குப் பின் உடைந்து முப்பது, நாற்பது வீடுகளைச் சிதைத்தது. அதன்பின் 2015 இல் அமெரிக்கா இயற்றிய சாம்பல் விதியில் ஒரு புதுமை உண்டு. வாராந்தரப் பார்வையும் ஆண்டறிக்கையும் பழையவைதாம். ஆண்டு ஆய்வறிக்கை முதலான ஆவணங்களை நிறுவனம் எல்லோரும் காணும்படி இணையத்தில் வைத்தாக வேண்டும் என்பதுதான் புதிது. கரைக்குக் கீழே குடியிருப்பவர் யாரிடமும் மனுக் கொடுக்க வேண்டியதில்லை. தன் தலைக்கு மேலுள்ளதைப் பற்றித் தானே படித்துக்கொள்ளலாம்.

தாமிரபரணிக் குளங்களில் இதற்கு இணையம் தேவைப்பட்டதில்லை. மறுகால் பாய்கிறதா என்பதை வயலுக்குப் போகிறவர் பார்ப்பார். மாடு மேய்க்கும் பையன் பார்ப்பான். கரையில் ஓட்டை கண்டால் ஊருக்குள் ஓடிவந்து சொல்வான். சாம்பல் குளத்தைச் சுற்றி வேலி இருக்கிறது. வேலிக்குள் போய் வருபவர் எழுதிய ஏட்டின் ஒரு படி, கல்லாமொழியிலும் குலசேகரன்பட்டினத்திலும் ஊராட்சி அலுவலகத்து மேசையின்மேல், தமிழில், வாரந்தோறும் வந்து கிடக்குமானால் அதைப் படிக்க நாம் போவோம்.